கல்யாணச் செண்டுக்கு முப்பத்துமூன்று மொட்டுகள்

வெட்டிய ரோஜா வெறும் தண்ணீரில் நான்கு நாள் நிற்கும். சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் அளவாகச் சேர்த்தால் ஏழு நாள் நிற்கும். இந்த மூன்று நாள் வித்தியாசத்தைக் கண்டறிய எனக்கு ஒரு மார்கழியும் ஒரு தையும் எட்டுக் கண்ணாடித் தம்ளர்களும் தேவைப்பட்டன. எட்டில் இரண்டு உடைந்துபோய், கடைசியில் ஆறில்தான் சோதனை நடந்தது.

அப்போது நான் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக் கம்பெனியின் ஸ்டோர்ஸில், அதாவது சாமான் கிடங்கில், வேலை பார்த்தேன். எழுபதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளலாம். எங்களுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸில் இரண்டு அறை, ஒரு அடுப்படி, குளியலறை. வீட்டைவிட அதைச் சுற்றியிருந்த மனை பெரியது. பின்பக்கம் முழுவதையும் என் மனைவி எடுத்துக்கொண்டு கத்தரியும் வெண்டையும் போட்டாள். முன்பக்கம் எனக்கு. பதினான்கு ஒட்டு ரோஜாச் செடிகள் வைத்திருந்தேன். வெள்ளை ஒன்பது, சிவப்பு நான்கு, மஞ்சள் ஒன்று. மஞ்சள் வருடத்துக்கு மூன்று பூவுக்கு மேல் கொடுத்ததில்லை.

வெள்ளை ரோஜாவுக்கு அந்த ஊர் ஏற்றதல்ல. காற்று திரும்பினால் சுரங்கத்துத் தூசு வந்து இறங்கும். சட்டைக் காலரில் தெரிவது போலவே இதழ் விளிம்பிலும் தெரியும். அதனால் மொட்டு நிறம் காட்டத் தொடங்கியதும் ஒவ்வொன்றுக்கும் செய்தித்தாளில் ஒரு சிறு கூம்பு செய்து கவிழ்த்துவிடுவேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ரோஜாவுக்குத் தொப்பி போடுகிற ஸ்டோர்ஸ்காரர் என்று எங்கள் பிளாக்கில் எனக்குப் பெயர். அதற்காக நான் தொப்பியை எடுத்துவிடவில்லை.

பூவை வெட்டிவைத்தால் எத்தனை நாள் இருக்கும் என்ற கவலை எனக்கு எப்படி வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. கவலைப்பட எனக்குப் பெரிய காரணம் வேண்டியதில்லை என்பாள் மனைவி. டவுன்ஷிப் நூலகத்தில் தோட்டக்கலை பற்றிய ஒரு பழைய புத்தகம் இருந்தது. வெட்டிய பூவுக்கு உணவு வேண்டும், சற்றே புளித்த தண்ணீர் வேண்டும், தண்ணீரில் கிருமி வளரக்கூடாது என்று அதில் போட்டிருந்தது. எவ்வளவு என்று போடவில்லை. அளவு போடாத புத்தகத்தை நம்பி என்னால் சும்மா இருக்க முடியாது.

அடுப்படி ஜன்னல் மேடையில் ஆறு தம்ளர்களை வரிசையாக வைத்து, ஸ்டிக்கிங் பிளாஸ்டரில் எண் எழுதி ஒட்டினேன். ஒன்றில் வெறும் குழாய்த் தண்ணீர். இரண்டில் ஒரு ஸ்பூன் சர்க்கரை. மூன்றில் சர்க்கரையோடு அரை மூடி எலுமிச்சையும், பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளியவைத்த நீர் நான்கு சொட்டும். நான்கில் தலைவலி மாத்திரை. ஐந்தில் ஒரு சிட்டிகை உப்பு, ஏனென்றால் அலுவலகத்தில் ஒருவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். ஆறில் ஒரு செப்புக் காசு. தினமும் காலை ஷிப்டு சங்கு ஊதியதும் போய்ப் பார்த்து நோட்டில் குறிப்பேன். உப்புத் தம்ளர் இரண்டாம் நாளே தலை தொங்கியது. செப்புக் காசு நல்லதும் செய்யவில்லை, கெட்டதும் செய்யவில்லை. மாத்திரை அரை நாள் கூடுதலாகக் கொடுத்தது. மூன்றாம் எண் ஏழாம் நாள் காலையிலும் நிமிர்ந்து நின்றது. நம்பாமல் இன்னும் இரண்டு முறை செய்துபார்த்தேன். ஏழு, ஏழு, ஆறரை.

இந்தத் தம்ளர்களைக் கேலி செய்யாமல் பார்த்தவள் ஒருத்தி உண்டு. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண். அவள் அப்பா சுரங்கத்தில் மண்வெட்டும் இயந்திரத்தில் ஆபரேட்டர். அம்மா கடலூர்ப் பக்கம். கத்தோலிக்கக் குடும்பம். பெண் டவுன்ஷிப்பிலேயே ஒரு பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சராக இருந்தாள். என்னை மாமா என்பாள். காலையில் மோர் வாங்கவோ கறிவேப்பிலை பறிக்கவோ வந்தால் ஜன்னலை எட்டிப் பார்த்து, மூன்றாம் தம்ளர் எத்தனையாவது நாள் என்று கேட்காமல் போகமாட்டாள். கேட்பதில் கிண்டல் இருக்காது. அதனால் எனக்கு அவள்மேல் ஒரு மதிப்பு.

மாசியில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கடலூர். தவக்காலத்தில் அவர்கள் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் ஈஸ்டர் கழிந்து இரண்டாம் வாரம் புதன்கிழமை, மாப்பிள்ளை வீட்டுப் பங்குக் கோவிலில் என்று முடிவாயிற்று. நிச்சயதார்த்தத்தின்போது மாமியார் ஒரு அட்டைப் பெட்டியைத் திறந்து காட்டினாராம். உள்ளே துணியால் செய்த வெள்ளைப் பூச்செண்டு. மூத்த மருமகள்கள் இருவரும் அதைப் பிடித்துக்கொண்டுதான் கோவிலுக்குள் நடந்தார்கள், உனக்கும் இதுதான் என்றாராம். இந்தப் பெண் எல்லோர் முன்னாலும், தன் கையில் நிஜப் பூ இருக்கும் என்று சொல்லிவிட்டாள். சித்திரை வெயிலில் நிஜப் பூவா, பார்க்கலாம் என்று மாமியார் பெட்டியை மூடிவிட்டார்.

இதை என்னிடம் சொன்னது பெண்ணின் அம்மா. சொல்லிவிட்டு, வாய்த்துடுக்கு, போகிற இடத்தில் முதல் நாளே வம்பு என்று வருத்தப்பட்டார். நான் எதையும் யோசிக்காமல், செண்டு என் பொறுப்பு என்றேன். இருபத்தொரு வெள்ளை ரோஜா. ஏன் இருபத்தொன்று என்றால், எங்கள் வீட்டுக் காலண்டர் ஒன்றில் ஒரு மணப்பெண் பிடித்திருந்த செண்டில் இருபத்தொன்று இருந்தது. எண்ணிப் பார்த்திருந்தேன்.

சொன்ன பிறகு தூக்கம் போனது. பங்குனி பிறந்ததும் ஒன்பது செடிகளையும் ஒரே நாளில் கவாத்து செய்தேன். வெட்டிய நாளிலிருந்து ஆறு வாரத்தில் பூ வரும் என்பது என் கணக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. வெயில்தான் முந்திக்கொண்டது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு தொப்பிகளைத் தூக்கிப் பார்த்து எண்ணினால் நாற்பத்தொரு மொட்டுகள், பெரும்பாலும் சனிக்கிழமைக்கே தயாராகிவிடும் நிலையில். செடியில் விட்டால் ஞாயிறு மலர்ந்து திங்கள் கொட்டிவிடும். சனிக்கிழமை காலை வெட்டி, புதன் காலை வரை மலரவிடாமலும் வாடவிடாமலும் வைத்திருக்க வேண்டும். நான்கு நாள். என் மூன்றாம் தம்ளர் ஏழு நாள் கொடுத்திருக்கிறது. சர்க்கரை, எலுமிச்சை, பிளீச்சிங் எல்லாம் கையில் இருக்கின்றன. ஒரு சாதாரண மனிதன் இதோடு நிம்மதியாக இருந்திருப்பான்.

எனக்குத் தண்ணீர் உறுத்தியது. எங்கள் குழாய்த் தண்ணீரைக் குடத்தில் இரண்டு நாள் வைத்தால் அடியில் லேசாகப் பழுப்பு படியும். அதே தண்ணீரில்தான் ஏழு நாள் வந்தது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் தம்ளரில் ஒரு பூவுக்கு வந்தது பக்கெட்டில் முப்பது பூவுக்கு வருமா என்று மனம் அரித்தது. இதைவிட நல்ல தண்ணீர் கிடைத்தால் என்ன?

ஆலைக்குள் நல்ல தண்ணீர் என்றால் எங்களுக்கெல்லாம் ஒன்றுதான். கொதிகலனுக்குப் போகிற சாஃப்ட் வாட்டர். குழாய்களில் கறை பிடிக்காது, காரை கட்டாது, கண்ணாடி போல இருக்கும் என்று பெருமையாகச் சொல்வார்கள். அதை உண்டாக்கும் பிளான்டில் வேலை பார்த்த ஒருவர் எனக்குப் பழக்கம். குறிஞ்சிப்பாடிக்காரர், என்னைவிட வயதில் இளையவர். மாதாமாதம் சாமான் எடுக்க ஸ்டோர்ஸுக்கு வருவார். அவரிடம் இரண்டு கேன் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மாலை சைக்கிள் கேரியரில் இரண்டு பக்கமும் கட்டி, மேடு பள்ளம் பார்த்து மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை விடியும்போது நானும் மனைவியும் வெட்டினோம். பச்சைப் புறவிதழ்கள் கீழே மடங்கி, வெளி இதழ் ஒன்று மட்டும் தளர்ந்திருக்கிற மொட்டாகப் பார்த்து எடுத்தோம். முப்பத்துமூன்று தேறின. மீதி எட்டு இன்னும் பச்சை. வீட்டிலேயே குளிர்ச்சியான, இருட்டான இடம் குளியலறை. அங்கே இரண்டு பக்கெட்டுகளில் சாஃப்ட் வாட்டரை ஊற்றி, மூன்றாம் தம்ளரின் அளவைப் பெருக்கிச் சர்க்கரையும் எலுமிச்சையும் பிளீச்சிங்கும் கலந்து மொட்டுகளை நிறுத்தினோம். நான்கு நாளைக்குக் கொல்லைக் குழாயடியில் குளிப்பது என்று ஏற்பாடு. அதைக் கேட்ட மனைவி, பூவுக்கு ஒரு குளியலறை, மனுஷனுக்கு ஒரு குழாயடி என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மொட்டுகள் கழுத்தை மடித்திருந்தன. இதழ் வாடவில்லை, தண்டும் பச்சையாகத்தான் இருந்தது. பூவுக்குக் கீழே ஒரு விரல் தூரத்தில் மட்டும், தூங்கி விழுகிறவன் தலை போல மடங்கியிருந்தது. திங்கட்கிழமை காலை எண்ணினேன். பதினான்கு.

நான் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். சர்க்கரை அதே சர்க்கரை. எலுமிச்சை அதே மரத்துக் காய். பிளீச்சிங் அதே டப்பா. வெட்டிய நேரம் சரி. இருட்டு சரி. அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் குளியலறை வாசலில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்து பார்த்தால் பூ நிமிராது என்பது தெரியாமல் இல்லை.

அந்த நேரத்தில்தான் குறிஞ்சிப்பாடிக்காரர் கேன்களைத் திரும்ப வாங்க வந்தார். இரவு ஷிப்டு முடித்து நேராக வந்திருந்தார். என்னைத் தேடிக்கொண்டு குளியலறை வரை வந்துவிட்டார்.

“இன்னாங்க சார், பூவக் குளிப்பாட்டிகினு இருக்கீங்க?”

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் பக்கெட்டைப் பார்த்தார், கேன்களைப் பார்த்தார்.

“இதுக்கா கேட்டீங்க? துணி தொவைக்கன்னு நெனச்சிகினு இருந்தேன். சோப்பு நல்லா நொரைக்கும்னு நெறையப் பேரு கேப்பாங்க.”

“சுத்தமான தண்ணின்னு நெனச்சுக் கேட்டேன்.”

“சாஃப்டுன்னா சுத்தம்னு யாருங்க சார் சொன்னது? தண்ணியில இருக்கற சுண்ணாம்ப எடுத்துட்டு அந்த எடத்துல உப்புச் சத்த வுட்டுரும். அவ்ளோதான். பாய்லருக்கு அது தேவல, காரை கட்டாது. பூவுக்கு ஆவுமா?” என்று சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “அதுக்குத்தானே சார் மாசாமாசம் உப்பு மூட்ட எடுத்துகினு போறோம். நீங்கதானே குடுக்கறீங்க.”

நான்தான் கொடுத்தேன். மாதம் நாற்பது மூட்டை. பன்னிரண்டு வருடமாக. லாரியிலிருந்து இறங்கும்போது எண்ணி, அடுக்கும்போது எண்ணி, கொடுக்கும்போது எண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு முறை முப்பத்தொன்பது வந்தபோது நாற்பதாவது வரும்வரை லாரியை கேட்டுக்கு வெளியே விடாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். தண்ணீர் பிளான்டுக்கு எதற்கு உப்பு என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. பக்கெட்டில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரிக்கவில்லை. சர்க்கரையும் எலுமிச்சையுமாகப் பானகம் போல இருந்தது. ஆனால் ரோஜாவின் நாக்கு வேறு. உப்புத் தம்ளர் இரண்டாம் நாள் தலை தொங்கியதை என் கையாலேயே நோட்டில் எழுதியிருக்கிறேனே.

அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி வாசலுக்கு வந்து, அவருக்குக் காபியைக் கொடுத்தபடி சொன்னாள்:

“மாசம் நாப்பது மூட்டைய எண்ணி எண்ணி அங்க அனுப்பிட்டு, மிச்சத்தைக் கேன்ல கட்டி வீட்டுக்குக் கொண்டாந்துட்டாரு. கணக்குல பிசகே வராது எங்க வீட்டுக்காரருக்கு.”

குறிஞ்சிப்பாடிக்காரர் காபித் தம்ளருக்குள் சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. வர நேரம் இல்லை. புதன்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது, அந்தப் பெண்ணிடம் நான் போய்ச் சொல்லியாக வேண்டும்.

பக்கத்து வீட்டில் புடவைகளைக் கட்டிலில் பரப்பிவைத்து அம்மாவும் மகளும் மடித்துக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே சொன்னேன். தண்ணீரை நான் மாற்றியது, சோதிக்காமல் மாற்றியது, பதினான்கு மடங்கிவிட்டது எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “போவட்டும் வுடுங்கண்ணே. சம்பந்தி வூட்ல துணிச்செண்டு இருக்குது இல்ல. ரெண்டு மருமவளும் அதத்தானே புடிச்சாங்க, இவளும் புடிச்சிகினு போவட்டும்” என்றார்.

பெண் மடித்த புடவையைக் கட்டிலில் வைத்தாள். முகம் சிறுத்துவிட்டது. பார்க்கலாம் என்று பெட்டியை மூடிய அந்த அம்மாள் முன்னால் இவள் முதல் நாளே கைநீட்டி அதை வாங்க வேண்டும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

“உப்பு எவ்ளோ தூரம் ஏறியிருக்கும் மாமா?”

தெரியாது என்றேன்.

“அப்ப அடியில வெட்டிட்டு நல்ல தண்ணியில வச்சுப் பாப்போம். இன்னும் பத்தொன்பது நிமிந்துதானே நிக்குது.”

கழித்துப் பார்த்துச் சொல்கிறாள் என்பது எனக்கு அந்த நிலையிலும் பிடித்திருந்தது.

அன்று முழுவதும் எங்கள் குளியலறையில் வேலை. பக்கெட்டுகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினோம். குழாய்த் தண்ணீரை, அதே பழுப்புப் படியும் தண்ணீரை, வெதுவெதுப்பாகச் சூடாக்கி ஊற்றினோம். தண்டை வெளியில் வைத்து வெட்டினால் வெட்டுவாயில் காற்று ஏறிவிடும் என்று நூலகத்துப் புத்தகத்தில் படித்திருந்தேன். அதனால் பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி, தண்டின் அடியை முழுக்கிப் பிடித்துக்கொண்டு, நீருக்குள்ளேயே இரண்டு அங்குலம் சாய்வாக வெட்டினோம். கல்யாணப் பெண் வெட்டினாள், நான் பிடித்துக்கொண்டேன். முள் குத்தி அவள் விரலில் இரண்டு இடத்தில் ரத்தம். மருதாணி வைக்கப்போகிற கை என்று அவள் அம்மா சுவருக்கு அப்பாலிருந்து சத்தம் போட்டார்.

கழுத்து மடிந்தவற்றை ஆறு ஆறாகச் சேர்த்து, தலை நிமிர்ந்து நிற்கும்படி செய்தித்தாளில் இறுக்கிச் சுருட்டினேன். சுருட்டிய கட்டைக் கழுத்துவரை தண்ணீரில் நிற்கவைத்தேன். தண்டு தண்ணீர் குடித்துக்கொண்டால் தாளை எடுத்த பிறகும் தலை அப்படியே நிற்கும். குடிக்காவிட்டால் விழும். பன்னிரண்டு மணி நேரமாவது பிரிக்கக்கூடாது.

வேலை செய்யும்போது நான் இருபத்தொன்று, இருபத்தொன்று என்று புலம்பியிருக்க வேண்டும்.

“மாமா, பதினஞ்சு இருந்தாப் போதும்” என்றாள் அவள். “கோவில்ல யாரும் பூவ எண்ணமாட்டாங்க. எண்ணுற ஆளு எங்க பக்கத்துலதான் உக்காந்திருப்பாரு.”

செவ்வாய்க்கிழமை காலை நானே தனியாகப் பிரிக்க விரும்பவில்லை. அவளைக் கூப்பிட்டேன். தாளை மெதுவாக விலக்கினோம். முதல் கட்டில் ஆறில் இரண்டு நின்றன, நான்கு விழுந்தன. அடுத்ததில் மூன்று நின்றன. மீதி இரண்டும் விழுந்தன. மொத்தத்தில் மடிந்த பதினான்கில் ஐந்து பிழைத்தன. நிமிர்ந்திருந்த பத்தொன்பதில் ஆறு அதற்குள் மடிந்திருந்தன. பதின்மூன்றும் ஐந்தும் பதினெட்டு. பதினெட்டையும் புதுத் தண்ணீரில் வைத்து, மூன்றாம் தம்ளரின் அளவை ஸ்பூன் மட்டம் தட்டி அளந்து கலந்தேன். வேறு எதையும் சேர்க்கவில்லை. சேர்க்கத் தோன்றியது. வெந்நீர் அடுப்பின் பக்கத்தில் கொஞ்சம் படிகாரம் இருந்தது. மனைவி அதை எடுத்து எங்கோ ஒளித்துவைத்துவிட்டாள்.

புதன்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு வேன். பெண் வீட்டார் பதினோரு பேர், நாங்கள் இருவர், ஒரு பக்கெட். பக்கெட்டை என் இரண்டு பாதங்களுக்கு நடுவில் வைத்து முழங்காலால் அணைத்துக்கொண்டேன். வடலூர் தாண்டி, குறிஞ்சிப்பாடியில் ரயில்வே கேட் மூடியிருந்ததால் ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினார். பூ ஒன்று முன் சீட்டுக் கம்பியில் மோதி முறிந்தது. பதினேழு. குள்ளஞ்சாவடியில் எல்லோரும் இறங்கி டீ குடித்தார்கள். நான் இறங்கவில்லை. மனைவி எனக்கு ஜன்னல் வழியாக டீயைக் கொடுத்துவிட்டு, நீங்கள் பிடிக்காவிட்டாலும் பக்கெட் எங்கேயும் போகாது என்றாள். கல்யாணப் பெண் பின் சீட்டிலிருந்து ஒருமுறைகூடப் பூவைப் பற்றிக் கேட்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது கண்ணை மூடி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

கோவிலை ஒட்டிய அறையில் என் மனைவியும் பெண்ணின் அம்மாவும் செண்டு கட்டினார்கள். தண்டுகளின் அடியில் கரைசலில் நனைத்த பஞ்சைச் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் தாள், அதன்மேல் வெள்ளை ரிப்பன். நடுவில் அதிகம் விரியாதவை, ஓரத்தில் கொஞ்சம் விரிந்தவை. இடைவெளியில் சாட்டை போன்ற பச்சைத் தழை. பதினேழு என்று தெரியவே தெரியாது. காலண்டர் படத்தைவிட இது நெருக்கமாக இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்தார். கனத்த உடம்பு, பட்டுப்புடவை, கையில் அட்டைப் பெட்டி. செண்டைப் பார்த்தவர் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, ஒரு ரோஜாவின் இதழை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். அது மடிந்து பிழைத்த ஐந்தில் ஒன்று. இதழ் அசைந்தது, தலை அசையவில்லை.

“எங்க வாங்கினீங்க? பாண்டிச்சேரியா?”

பெண் முந்திக்கொண்டாள். “இல்லீங்கத்தை. பக்கத்து வூட்டு மாமா வளத்தது. சனிக்கெழமையே வெட்டினது.”

“சனிக்கெழமையா?” என்று அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பெண்ணின் முக்காட்டைத் தோளில் ஒழுங்காகப் படியவைத்து, செண்டை எடுத்து அவள் கையில் தானே கொடுத்தார். “நேராப் புடி. தாழ்த்தாத” என்று மட்டும் சொன்னார்.

பூசை ஒன்றரை மணி நேரம். எனக்குப் பழக்கமில்லாத கோவில், எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று தெரியாமல் முன்வரிசையைப் பார்த்துச் செய்துகொண்டிருந்தேன். மின்விசிறிகள் ஆறு இருந்தன, ஓடியவை நான்கு. அவள் நேராகத்தான் பிடித்திருந்தாள். ஒன்றும் தலை சாயவில்லை. தாலி கட்டி, மோதிரம் மாற்றி முடிந்ததும் இருவரும் மாதா சிலையின் முன்னால் போய் நின்றார்கள். செண்டை அங்கே காலடியில் வைத்துவிடுவது வழக்கமாம். இவ்வளவு பாடுபட்டது ஒன்றரை மணி நேரத்துக்குத்தானா என்று எனக்குச் சுருக்கென்றது. அது ஒரு நொடிதான். அவள் குனிந்து வைத்துவிட்டு எழுந்தபோது முகம் அப்படி மலர்ந்திருந்தது.

கூட்டம் வெளியேறியதும் நான் கோவில் வேலைகளைப் பார்த்துக்கொண்ட உபதேசியாரிடம் ஒரு ஜாடி கேட்டு வாங்கினேன். ரிப்பனைப் பிரித்து ரோஜாக்களை ஜாடியில் நிறுத்தி, பையில் கொண்டுவந்திருந்த பாட்டிலிலிருந்து கரைசலை ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றது மாப்பிள்ளையின் அம்மா.

“அது இன்னாங்க, தீர்த்தமா?”

சர்க்கரையும் எலுமிச்சையும் என்று சொன்னேன். எவ்வளவு என்று கேட்டார். என்னிடம் அதை யாரும் அதுவரை கேட்டதில்லை. ஒரு தம்ளருக்கு ஒரு ஸ்பூன், மட்டமாக, குவியலாக அல்ல என்று தொடங்கி முழுவதும் சொன்னேன். கோவிலில் பீடத்துக்குப் பூ வைப்பது அவர் முறையாம். வாரத்துக்கு இரண்டு தரம் மாற்றவேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொண்டார். நின்று கேட்டார். எனக்காகக் கேட்டது போல் தெரியவில்லை, பூவுக்காகத்தான் கேட்டார். அதனால் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பந்தியில் இரண்டு முறை பிரியாணி போட்டுக்கொண்டேன். நாங்கள் வீட்டில் கறி சமைப்பதில்லை என்பது அன்று யாருக்கும் நினைவு வரவில்லை, எனக்கும்தான்.

மூன்று வாரம் கழித்து எனக்கு ஒரு இன்லேண்ட் லெட்டர் வந்தது. பெண் எழுதியிருந்தாள். அத்தையும் தானும் சனிக்கிழமைதோறும் பீடத்துக்குப் பூ வைப்பதாகவும், கரைசல் கலக்கும் வேலை தன்னுடையது என்றும், அங்கே கிணற்றுத் தண்ணீர்தான் இருப்பதாகவும், கடல் பக்கம் என்பதால் அது சேருமா சேராதா என்று பயமாக இருப்பதாகவும் எழுதியிருந்தாள்.

அன்று மாலையே இரண்டு பக்கம் பதில் எழுதினேன். முதலில் ஒரே ஒரு பூவை அந்தத் தண்ணீரில் வைத்துப் பார், இரண்டு நாள் பொறு, நின்றால் மற்றதையும் வை என்பதை மட்டும் அடிக்கோடிட்டேன். தபாலில் சேர்த்த நாளிலிருந்து பத்து நாள் கடலூர்க் கிணறுகளைப் பற்றிக் கவலைப்பட்டேன்.

பதினொன்றாம் நாள் அவளிடமிருந்து தபால் அட்டை வந்தது. ஒரு பூவை வைத்துப் பார்த்தாளாம். ஐந்து நாள் நின்றதாம். அத்தைக்கு ரொம்ப சந்தோஷம் என்று எழுதியிருந்தாள்.

ஐந்து எனக்குக் குறைவாகப் பட்டது. மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்துச் செய்தால் ஏழு வரலாம். எலுமிச்சையை இன்னும் கால் மூடி கூட்டினால் ஆறு நாளாவது வரலாம். பேனாவை எடுத்து அட்டை ஒன்றில் விலாசம்வரை எழுதிவிட்டேன். மனைவி எட்டிப் பார்த்து, அவர்களுக்கு ஐந்து நாள் போதுமாக இருக்கிறதே என்றாள்.

பேனாவை மூடிவைத்தேன். விலாசத்தை அடித்துவிட்டு, அந்த அட்டையில் பிறகு என் தம்பிக்கு எழுதியதாக ஞாபகம்.